வக்கீலிடம் காட்டாமல் என் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

அல்சூரிலும் மர்பி டவுனிலும் லிங்கராஜபுரத்திலும் விவேக் நகரிலும் ஸ்ரீராம்புரத்திலும் இருக்கிற, வாடகைக்குப் பயந்து கே.ஆர்.புரம் தாண்டிக் குடிபோய்விட்ட, பெங்களூர்த் தமிழ் இசைக்குழுக்காரர்களுக்கு,

வணக்கம். இரண்டு மாதமாக உங்களில் ஏழெட்டுக் குழுக்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "அக்கா, நீங்கதான் வக்கீலாச்சே. அப்படியே எங்களுக்கு மேனேஜராவும் இருந்துடுங்களேன், ஒரே செலவுல முடிஞ்சிடும்." முடியாது என்றேன். காரணம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டீர்கள். கறுப்பு கோட் மாட்டியதும் வக்கீலக்காவுக்குத் தலை கனத்துவிட்டது என்று ஒரு டிரம்மர் தம்பி சொன்னதாகக் கேள்வி. தம்பி, அந்தக் கோட் இப்போது பீரோவில் தொங்குகிறது. போன மாதம் என் சன்னத்தை, அதாவது வக்கீல் பதிவுச் சான்றிதழை, கர்நாடக பார் கவுன்சிலில் ஒப்படைத்து, வழக்கறிஞர் தொழிலை நிறுத்தி வைத்துவிட்டேன். இனி நான் மேனேஜர் மட்டும்தான்.

ஏன் இரண்டுமாக இருக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பார் கவுன்சில் விதிப்படி, பதிவு செய்த வழக்கறிஞர் தானே இறங்கி எந்த வியாபாரமும் செய்யக்கூடாது. பணம் போட்டுவிட்டுத் தூங்கும் பங்குதாரராக இருக்கலாம். கம்பெனியில் நிர்வாக வேலை பார்க்காத டைரக்டராக இருக்கலாம். ஆனால் உங்களுக்காகக் கச்சேரி பிடித்து, விலை பேசி, அதில் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொள்வது வியாபாரம். ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று வழக்கின் முடிவோடு பீஸைக் கட்டிவைப்பதற்கும் தடை. தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளவும் கூடாது. அதனால்தான் எட்டு வருடமாக இப்படி ஒரு மடல் எழுத எனக்குக் கை அரித்தும் எழுதவில்லை.

விதி ஒரு பக்கம் இருக்கட்டும். விதியே இல்லையென்றாலும் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். உங்கள் வருமானத்தில் பங்கு வாங்குகிறவர் மேனேஜர். அந்தப் பங்கு நியாயமா, அந்த மேனேஜர் யோக்கியமா என்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் வக்கீல். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் உங்கள் பக்கம் யார் இருப்பது?

என்னை இந்த வேலைக்குத் தள்ளிவிட்ட கதை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். மர்பி டவுனில் சர்ச் கொயரில் வாசித்த ஒரு அண்ணன் துபாய்க்குப் போனபோது அவருடைய பேஸ் கிடாரை எடுக்க ஆளில்லை. நான் எடுத்தேன். பிறகு ஆர்க்கெஸ்ட்ரா. விநாயகர் சதுர்த்திக்கு ஆரம்பித்தால் நவம்பரில் கன்னட ராஜ்யோத்சவம் முடியும்வரை இந்த ஊரில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஓய்வில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் ஒரு கணபதி பாட்டு, அடுத்து ராஜ்குமார் பாட்டு, கூட்டம் சூடான பிறகு நம் பாட்டு. சம்பளம், பேட்டா, ஒரு பொட்டலம் புளியோதரை. எம்.ஜி. ரோடு பக்கம் பப்களில் வாசிக்கப் போனபோது அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்போது பெங்களூரில் "லைவ் பேண்ட்" என்றால் போலீசுக்கும் பத்திரிகைக்கும் அம்மாவுக்கும் ஒரே அர்த்தம்தான்: பெண்களை மேடையில் நிறுத்தி வியாபாரம் செய்கிற பார். நான் பேஸ் வாசிக்கிறேன், ஓரமாக நின்று வாசிக்கிறேன் என்று புரியவைக்க ஒரு நாள் அம்மாவையே அழைத்துப்போக வேண்டியிருந்தது. வந்து உட்கார்ந்து சிக்கன் கபாப் சாப்பிட்டுவிட்டு, "சத்தம்தான் ஜாஸ்தி" என்றார்.

2008-ல் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சொந்தப் பாட்டுப் போட்டோம், தமிழில். மும்பையிலிருந்து ஒரு கம்பெனி தேடிவந்தது. 40,000 ரூபாய். ஆளுக்கு 8,000. எங்கள் பாடகர் கார் பானெட் மேல் வைத்து ஒற்றைத் தாளில் கையெழுத்துப் போட்டார். நாங்கள் நான்கு பேரும் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தாளில் என்ன இருந்தது என்று நான் படித்தது இரண்டு வருடம் கழித்து, அந்தப் பாட்டு கிரிக்கெட் மேட்சுக்கு நடுவே ஒரு விளம்பரத்தில் வந்தபோது. முதல் நான்கு செகண்ட் என் பேஸ் மட்டும்தான். வேறு எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கைகுலுக்கினார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு மாயோ ஹால் கோர்ட் பக்கம் ஒரு பெரியவரிடம் போனோம். நிதானமாகப் படித்தார். உலகம் முழுவதற்கும், என்றென்றைக்கும், இப்போது இருக்கிற, இனி கண்டுபிடிக்கப்படப் போகிற எல்லா வடிவங்களிலும் உரிமை அவர்களுக்கே என்று எழுதியிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மெட்டு போட்டது யாரு?"

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் "நான்" என்றோம்.

அவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். படியிறங்கும்போதே சண்டை. பிரிகேட் ரோடு வரும்போது எங்கள் குழு இல்லை. கம்பெனிமேல் எனக்கு இன்றும் பெரிய கோபம் கிடையாது. அவர்கள் கேட்டார்கள், நாங்கள் கொடுத்தோம். எங்களுக்குள் யாருக்கு என்ன என்று ஒரு அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தால் ஐந்து பேரும் இன்றைக்கும் ஒரே மேடையில் நின்றிருப்போமோ என்னவோ. டிரம்ஸ் வாசித்தவரோடு எனக்கு இப்போதும் பேச்சு இல்லை.

2012 மே மாதம் காப்புரிமைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜாவேத் அக்தர் அப்போது மாநிலங்களவையில் நியமன உறுப்பினர், இதற்காக வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். பேப்பரில் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. பாட்டு எழுதியவரும் மெட்டு போட்டவரும் உரிமையை விற்றுவிட்டாலும், ராயல்டியில் சமபங்கு வாங்கும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அந்த வரி செல்லாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றிக் கொடுக்கலாம். படம் தியேட்டரில் ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது, மற்றபடி விளம்பரம், டி.வி., ஆன்லைன் என்று எல்லாவற்றுக்கும் உண்டு. எங்கள் தாள் 2008-ல் போட்டது. நான்கு வருடம் முந்திவிட்டோம்! அடுத்த வருடமே மூன்று வருட எல்.எல்.பி.யில் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் மற்றவர்களுக்கு 22, எனக்கு 34.

படித்ததில் ஒன்றை மட்டும் சொல்ல ஆசை. 1977-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். ஒரு பக்கம், சினிமாத் தயாரிப்பாளர்கள் எதிர்ப்பக்கம். தயாரிப்பாளர்கள்தான் ஜெயித்தார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்போடு உடன்பட்டுவிட்டு, கடைசியில் தனியாகக் கொஞ்சம் எழுதினார். மெட்டு போட்டவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதைப் பாடி உயிர் கொடுக்கிறவருக்கு ஒன்றுமே இல்லையே, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்கிற பொருளில். பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் சட்டத்தில் தனி உரிமை வந்தது 1994-ல். 17 வருடம் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும்போது அந்த நான்கு செகண்ட் பேஸ் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

எழுதிப் பாஸ் செய்து, பார் தேர்வும் எழுதி, என்டர்டெயின்மென்ட் லாயர் ஆனேன். சொந்தக்காரர்கள், "நடிகருங்களையெல்லாம் பாப்பியா?" என்று கேட்டார்கள். நான் பார்த்ததெல்லாம் திரும்பி வந்த செக்குகள். எட்டு வருடத்தில் என் மேஜைக்கு வந்த இசைக்கலைஞர்களில் பாதிக்கு மேல் செக் பவுன்ஸ் கேஸ்தான். நிகழ்ச்சி முடிந்து ராத்திரி செக் கொடுப்பார்கள், "சொல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம், திங்கட்கிழமை போடுங்க" என்பார்கள், அது பணமில்லாமல் திரும்பும். நீங்கள் ஆறு மாதம் போன் பண்ணிக்கொண்டே இருந்துவிட்டு அப்புறம் என்னிடம் வருவீர்கள். அதற்குள் செக் பவுன்ஸ் கேஸ் போடுவதற்கான கெடு தாண்டியிருக்கும். பேங்கிலிருந்து செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். இந்தத் தேதிகளை ரிகர்சல் ரூம் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

2018 இன்னொரு பாடம். பொதுக் கேளிக்கைக்கு உரிமம் கேட்கும் 2005-ஆம் ஆண்டு காவல்துறை ஆணையை அந்த வருடம் ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சரியென்று சொல்லிவிட்டது. அதன்பின் கெடுபிடி வந்தது, உரிமம் இல்லாத பல பப்களில் இசை நின்றது. உங்களில் பலருக்கு வாரத்தில் நான்கு நாள் வாசிப்பு ஒரு நாளானது. அப்போது எத்தனை பேர் கையில் "நிகழ்ச்சியை ரத்து செய்தால் இவ்வளவு தர வேண்டும்" என்கிற பேப்பர் இருந்தது? நான் பார்த்தவரை இரண்டே பேர். வாட்ஸ்அப்பில் "கன்பர்ம் ப்ரோ" என்று இருக்கும், அதற்கு ஒரு கட்டைவிரல் படம் இருக்கும்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் ஒன்று உறைத்தது. வக்கீலாக நான் எப்போதும் விபத்து நடந்த பிறகு வருகிறவள். கையெழுத்துப் போடும் இடத்தில், அந்தக் கார் பானெட் பக்கத்தில், நிற்க வேண்டியவர் மேனேஜர். அதனால் கோட்டைக் கழற்றினேன். வருமானம் குறையும் என்று வீட்டில் சொன்னார்கள். உங்கள் வருமானத்தில்தான் இனி என் சோறு, ஆகவே குறையும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு சேர விரும்புகிற குழுக்களுக்கு நான்கு பக்க ஒப்பந்தம் ஒன்று அனுப்பியிருக்கிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். அதில் எனக்குச் சாதகமாக எழுதியதும் இருக்கிறது. மனுஷிதானே. எங்கே என்னோடு பேரம் பேச வேண்டும் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பங்கு 15 சதவீதம். இந்தத் தொழிலில் 15-லிருந்து 20 வரை கேட்பது வழக்கம். ஆனால் சண்டை அந்த எண்ணில் இல்லை, எதில் 15 என்பதில்தான். ஒரு கச்சேரிக்கு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சவுண்டு, வண்டி, தங்குமிடம் 35,000. மொத்தத் தொகையில் 15 என்றால் எனக்கு 15,000, மிச்சம் 50,000, ஐந்து பேருக்கு ஆளுக்கு 10,000. வியர்த்து வாசித்த உங்களைவிட போன் பேசிய எனக்கு அதிகம். செலவு போக மிச்சமுள்ள 65,000-ல் 15 என்றால் எனக்கு 9,750, உங்களுக்கு ஆளுக்கு 11,050. என் ஒப்பந்தத்தில் இரண்டாவது கணக்குத்தான் இருக்கிறது. வேறு மேனேஜர் வந்தால் முதலில் இதைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

பணம் என் கணக்குக்கு வரக்கூடாது, குழுவின் பேங்க் கணக்குக்கு வர வேண்டும். அங்கிருந்து நீங்கள் எனக்கு அனுப்புங்கள். வருமான வரியென்று அமைப்பாளர் 10 சதவீதம் பிடித்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருடா வருடம் பாருங்கள். கணக்குத் தாக்கல் செய்யாததால் திரும்பி வர வேண்டிய பணத்தை அரசாங்கத்துக்கே மொய் வைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர்.

உங்கள் சார்பில் கையெழுத்துப் போட எனக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்காதீர்கள். நானே கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள். பாட்டின் ராயல்டியில் எனக்குப் பங்கு கிடையாது என்று எழுதியிருக்கிறேன், அந்த வரியை அடிக்கச் சொல்லி பிறகு நான் வந்தால் வேறு மேனேஜர் தேடுங்கள். காலம் இரண்டு வருடம். முதல் ஆறு மாதம் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமல் விலகலாம், இரண்டு தரப்பும். விலகிய பிறகும், நான் இருக்கும்போது பேசி முடித்த நிகழ்ச்சிகளுக்கு ஒரு வருடம்வரை எனக்குப் பங்கு வரும் என்று போட்டிருக்கிறேன். இங்கேதான் பேரம் பேச வேண்டும். ஆறு மாதம் போதும் என்று சொல்லுங்கள். முனகுவேன், ஆனால் ஒப்புக்கொள்வேன்.

என்னோடு போடும் பேப்பருக்கு முன்னால் உங்களுக்குள் ஒரு பேப்பர் வேண்டும். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி, அது இல்லாத குழுவை எடுக்க மாட்டேன். "நாங்கெல்லாம் பிரண்ட்ஸ் அக்கா, எதுக்குப் பேப்பர்" என்கிறீர்கள். நீங்கள் எழுதாவிட்டால் 1932-ஆம் வருடப் பங்குதாரர் சட்டம் உங்களுக்காக எழுதி வைத்திருக்கிறது. சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பிரித்துக்கொண்டால், பேப்பர் இல்லாமலே உங்களைப் பங்குதாரர்கள் என்று கோர்ட் சொல்லலாம். அப்படிச் சொன்னால் லாபம் சரிசமம், பத்து வருடமாக இருக்கிறவருக்கும் போன மாதம் சேர்ந்த கீபோர்டு தம்பிக்கும். குழுவின் பெயரில் ஒருவர் வாங்கிய கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஒருவர் கடிதம் கொடுத்தால் கூட்டே கலைந்துவிடும். இது வேண்டுமென்றால் எழுதாமல் இருங்கள்.

ஒவ்வொரு பாட்டு முடிந்த ராத்திரியும் ஒரு தாள் போதும். பாட்டு வரி யாருடையது, மெட்டு யாருடையது, எத்தனை சதவீதம், ஐந்து கையெழுத்து, தேதி. டீக்கடைச் சீட்டின் பின்பக்கமானாலும் எனக்குச் சம்மதம். மெட்டு போட்டவருக்கு ஒரு உரிமை, வாசித்தவருக்கு வேறொரு உரிமை என்று சட்டம் பிரித்துத்தான் பார்க்கிறது, எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம் என்று கோர்ட்டில் நின்று சொன்னால் யாருக்கும் முழுசாகக் கிடைக்காது. குழுவின் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய, தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். ஒரு சிம்பல் அதைவிட விலை. யார் பெயரில் பதிவு செய்வது என்று உங்களுக்குள் வரப்போகும் சண்டையை இப்போதே போட்டு முடித்துவிடுங்கள், ஹிட் ஆன பிறகு போட்டால் ரொம்பச் செலவாகும்.

பழைய பாட்டு வாசிக்கிற குழுக்களுக்கு ஒரு வார்த்தை. 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போன பிறகு, "ராஜா நைட் வாசிக்கலாமா அக்கா" என்று வாரத்துக்கு ஒருவர் கேட்டீர்கள். கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டத்திலும் வாசிப்பதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டும் பப்பிலும் வாசிப்பது அப்படி இல்லை, லைசென்ஸ் வேண்டும். அதை எடுத்துக் கட்ட வேண்டியது நடத்துகிறவர் என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். யார் கட்டுவது என்று எழுதாத இடத்தில் கடைசியில் தலை உருள்வது மேடையில் நிற்கிறவருடையது.

இனி என்னிடம் சட்ட ஆலோசனை கேட்டு வராதீர்கள். மேலே எழுதியதெல்லாம் பொதுவாகத் தெரிந்துகொள்ள, உங்கள் கேஸுக்கு உங்கள் வக்கீல்தான். சன்னத்தைக் கொடுத்த பிறகு அந்த வேலையைச் செய்வது தப்பு. வக்கீல் யாரைப் பார்ப்பது என்று கேட்டால் நான் பெயர் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த வக்கீல் என் ஒப்பந்தத்தைப் படித்தால் எனக்காகக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளலாம். எனக்குத் தெரியாத, முடிந்தால் என்னைப் பிடிக்காத, ஒருவராகப் பாருங்கள். மாயோ ஹால் வாசலில் அப்படி இரண்டு மூன்று பேர் கட்டாயம் கிடைப்பார்கள்.

இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அவசரப்படுத்தினால் அதையும் சந்தேகப்படுங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது ஒரு செய்தி. லிங்கராஜபுரத்துக் குழு ஒன்று நேற்றே நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டது. நான் அனுப்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "உங்க மேல நம்பிக்கை அக்கா" என்று கீழே ஒரு வரி. சந்தோஷமாகத் திறந்து பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், டைப் அடிக்கும்போது என் கை தவறி, 15 என்பது 51 என்று விழுந்திருக்கிறது. கீழே ஐந்து கையெழுத்தும் அழகாக இருக்கிறது. கிழித்துப் போடச் சொல்லி, திருத்திய தாளை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா
(பழைய வக்கீலக்கா, அதற்கும் முன்னால் பேஸ்)